நாலரை மணிச் சூரியன்

அந்தமானில் சூரியனுக்கு மட்டும் யாரும் கடிகாரம் வாங்கித் தரவில்லை. தில்லிக்கும் விருதுநகருக்கும் எங்களுக்கும் மணி ஒன்றுதான். ஆனால் போர்ட் பிளேரில் மே மாதம் நாலரைக்கெல்லாம் விடியத் தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவன் எட்டு மாதப் பையன் முகில்தான். முதல் வெளிச்சம் பட்டதும் எழுந்து உட்கார்ந்து என் மூக்கைப் பிடித்து இழுப்பான். அதன் பிறகு நாள் முழுக்க அரைமணி தூக்கம், அரைமணி அழுகை என்று ஷிப்ட் முறை. "தீவுன்னா அமைதியா இருக்குமே" என்று ஊரிலிருந்து கேட்கிறவர்கள் ஒரு வாரம் வந்து தங்கிப் பார்க்கலாம். தொட்டிலை ஆட்டும் வேலையை நான் தருகிறேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவள். கணவர் இன்னொரு தீவில், ஹட் பேயில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். கடல் சம்மதித்தால் கப்பல் வரும், கப்பல் வந்தால் அவர் வருவார். மற்ற நாட்களில் குட்வில் எஸ்டேட் பகுதியில் ஒரு மாடி வீட்டில் நானும் பையனும் மட்டும்தான். கீழே வீட்டுக்காரர் கிருபால் அங்கிள். மூன்று நாளைக்கொரு முறை குழாயில் தண்ணீர் வரும்போது, "பானி ஆயா!" என்று கத்தியபடி குழாயைக் கம்பியால் தட்டுவார். அது நான் பையனை மறுபடி தூங்கவைத்த நிமிடமாகவே இருக்கும். சமையலறையில் கூரை ஒழுகுகிறது என்று நான் மூன்று மாதமாகச் சொல்வது மட்டும் அவர் காதில் ஏறியதில்லை.

வெளிச்சத்தை ஏமாற்றிவிடலாம் என்று ஒரு நாள் நீலத் தார்ப்பாய் வாங்கி, கூரையிலிருந்து தொங்கவிட்டுக் கிழக்குச் சன்னலை மூடினேன். இங்கே ஒரு வீட்டில் நீலத் தார்ப்பாய் ஏறினால் ஒழுகுகிறது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் பையன் நாலரையைத் தாண்டியும் தூங்கினான். நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் தலைக்குமேல் டமார் டமார். அங்கிள் தகரக் கூரையில் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "டென்ஷன் மத் லோ பேட்டி, சப் டீக் ஹோ ஜாயேகா" என்று, கவலைப்படாதே மகளே எல்லாம் சரியாகிவிடுமென்று, மேலிருந்தே தைரியம் சொன்னார். படுக்கையறைக்குமேல் ஒழுகாத இடத்தில் நான்கு ஆணி விழுந்தது. சமையலறை இன்றைக்கும் ஒழுகுகிறது.

பையனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகம் போனால், பக்கத்து மேசை வங்காள அண்ணன் பிஸ்வாஸ் தாதா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபைலை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உறங்குவார். யாரும் எழுப்புவதில்லை. நான் ஒரு கொட்டாவி விட்டால் போதும், வங்காள, தெலுங்கு, மலையாள வைத்தியமெல்லாம் என் மேசைக்கு வந்து சேரும். "பச்சா ஐலண்ட் வாலா ஹை, மேடம். ஆப் மெயின்லேண்ட் வாலா" என்றார் தாதா ஒருநாள். பிள்ளை தீவுக்காரனாம், நான்தான் வெளியாளாம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆபீசில் தூங்கி எழுந்த ஆள் எனக்குத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார்.

படிக்கட்டே இல்லாமல் ஒரு மாடிக் கட்டடத்தை வரைந்து கையெழுத்துக்கு அனுப்பிய அன்று, இனி முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. பையனை இரண்டு வயதுவரை விருதுநகரில் அக்கா வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். மெயின்லேண்ட் போகிறேன் என்றதும் வைத்தியம் சொன்ன வாயெல்லாம் பட்டியல் சொல்ல ஆரம்பித்தது. தாதாவுக்கு இரண்டு கிலோ காராச்சேவு.

விருதுநகரில் மாலை ஆறு மணிக்கு, வெயில் இன்னும் தெருவில் கிடக்க, பார்க்க வந்த சொந்தமெல்லாம் சுற்றி நிற்க, முகில் அக்கா தோளில் தூங்கிப்போனான். "என்னடி இது, கோழிக்கு முன்னாடி அடையுறான் உம்பிள்ளை?" என்று சிரித்தாள் அக்கா. மறுநாள் நாலரைக்கு எழுந்து சன்னலைப் பார்த்தான். வெளியே கும்மிருட்டு. யாரோ ஏமாற்றிவிட்டதுபோல வீறிட்டு அழுதான். "விட்டுட்டுப் போ, ரெண்டு மாசத்துல நம்ம நேரத்துக்குப் பழகிருவான்" என்று சொல்லி, அவன் துணிகளைத் தன் பீரோவில் அடுக்கினாள் அக்கா.

மூன்றாம் நாள் நாலரைக்கு யாரும் என் மூக்கை இழுக்கவில்லை. அவனுக்கு முன்பே நான் விழித்துக் கிடந்தேன். அவன் எழுந்ததும் தூக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டேன். ஹட் பேயில் விடிந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பழகிருவான்னு அக்கா சொல்றா."

"நல்லதுதானே?"

"பழகிருவான்தாங்க. அதான் பயமா இருக்கு. அவனுக்கு அக்கா மூக்கும் பழகிரும்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கூட்டிட்டு வந்துரு" என்றார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். "இருட்டுல யாருக்குடி காத்திருக்கீங்க?"

"அவன் துணியை எடுத்துக் குடுக்கா."

"திரும்ப அங்க போனா நீ தூங்கவே மாட்டியேடி."

"மாட்டேன்" என்றேன்.

முகில் என் மடியில் நின்று கிழக்கே பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் ஊரில் இந்நேரம் வெளிச்சம் வந்து, கிருபால் அங்கிள் குழாயைத் தட்டத் தொடங்கியிருப்பார். என் ஊரில் இன்னும் விடியவில்லை.