ஆறாத செம்புத் தண்ணீர்

என் மூத்த மகள் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சம்பந்தி வீட்டார் பந்தியை விட்டு எழுந்தார்கள். இது நடந்தது அதற்கு அடுத்த கோடையில், தொண்ணூறாம் வருஷத்துக்கு முந்தி. உப்பு சரியாகத்தான் இருந்தது, அதை விடுங்கள். அப்போது நான் ராஜபாளையத்தில் போர்க்கிணறு போடும் லாரியில் டிரில்லர். பள்ளிக்கூடம் போனதில்லை. கல் எழுப்பும் சத்தத்தை வைத்தே தண்ணீரைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர்.

மம்சாபுரத்துக்கு மேற்கே ஓர் எலுமிச்சைத் தோட்டம். கிணறு வற்றி, பாதி மரம் பட்டுப்போயிருந்தது. இந்தப் போரும் பொய்த்தால் மீதியும் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் மில் வேலைக்குத்தான் போக வேண்டும்.

இருநூறு அடி தாண்டியதும் கல் நொறுங்கி, துரு நிறத்தில் சேறாக வந்தது. பின்னாலேயே தண்ணீர். முதல் தண்ணீரை வீட்டுக்காரிதான் ஏந்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சள் பூசிய கையை நீட்டிய அந்த அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"காப்பித்தூளப் போட்டாப் போதும் போலயே அண்ணாச்சி," என்றார் புருஷன்.

"மிஷின் சூடுய்யா. அடியில கொஞ்சம் கசிவு இருக்கு, அத நம்ம மிஷினு சுட வைக்கு. இது நிக்காது," என்றேன். குழாயை உருவி, குழிமேல் பலகைக்கல்லைப் போட்டு மூடச் சொன்னேன்.

பத்தடி தள்ளி ஒரு குழி போட்டோம். வெறும் புழுதி. எதிர்ப்பக்கம் இன்னொன்று. அதிலும் புழுதி. பொழுது சாய நிறுத்தினோம். வரப்பில் உட்கார்ந்த அந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் விடிந்து லாரியைக் கிளப்பப் போகும்போது அந்த அம்மா வந்தார். மூடிய கல்லை நகர்த்தி, கயிற்றில் சின்னச் செம்பைக் கட்டி இறக்கியிருக்கிறார். பாதிக் கயிறுகூட இறங்கவில்லையாம், அதற்குள் தண்ணீர் தட்டுப்பட்டதாம். செம்பை என் கையில் வைத்தார். சுட்டது.

"ஒங்க மிஷின் ராத்திரி முழுக்க ஒறங்கிட்டுத்தான கெடந்துச்சு அண்ணாச்சி. பொறவு இத யாரு அடுப்புல வச்சா?"

லாரியை நிறுத்தி, அதே குழியில் மறுபடி குழாயை இறக்கச் சொன்னேன். ஒரு பீடி பிடிக்கும் நேரம் கழித்து அந்த அம்மா வந்திருந்தால் எங்கள் லாரி மெயின் ரோட்டில் இருந்திருக்கும்.

பிற்பாடு பாறைகளைப் பற்றிப் படித்த அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். அடியில் பாறை பிளந்து, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறதாம். மலையில் பெய்த மழை அந்தப் பிளவு வழியே வெகு ஆழம் போய், பூமியின் அனலில் சூடேறி, பிளவிலேயே மேலே ஏறுகிறதாம். பிளவை விட்டுப் பத்தடி நகர்ந்தால் வெறும் கல். தண்ணீர் இருந்த இடத்தை விட்டுத்தான் நான் நகர்ந்திருக்கிறேன்.

தொட்டியில் ஆறவிட்டுப் பாய்ச்சினார்கள். மரங்கள் பிழைத்தன. ஆனால் தெரியாத ஒன்றுக்கு நான் சட்டென்று சொன்ன காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் கை சுடுகிறது. போர் போடுகிறவர்கள் யாரையாவது பார்த்தால் நீங்கள் சொல்லுங்கள்: தண்ணீர் சூடாக வந்தால் மூடிவிட வேண்டாம், மிஷினை நிறுத்தி, ஒரு ராத்திரி பொறுத்து, செம்பை இறக்கித் தொட்டுப் பார்க்கட்டும்.