நாற்பது என்றால் நூற்றிநான்கு

பல்லில் புழுதி நறநறவென்று கடிபட்டாலே எனக்கு எங்கள் பள்ளி மைதானம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புப் புழுதி அது. நாலு சுற்று ஓடிவிட்டு வந்தால் முகமெல்லாம் பவுடர் அப்பியதுபோல் ஆகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் மாவட்டத் தொடர் ஓட்டத்துக்கு எங்கள் நால்வரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என் தோழி கலை மூன்றாவது, அவள் கையிலிருந்து குச்சியை வாங்கிக் கடைசியாக ஓட வேண்டியவள் நான்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒருநாள் காலைப் பயிற்சியில் கலைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. விளையாட்டு வாத்தியார் முதலுதவிப் பெட்டியிலிருந்த புது தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்துப் பார்த்தார். எங்கள் பக்கம் காய்ச்சலானாலும் வெயிலானாலும் "நூத்தி ரெண்டு", "நூத்தி மூணு" என்று நூறைத் தாண்டினால்தான் பேச்சு. அந்தக் கருவியோ செல்சியஸில் நாற்பது என்று காட்டியது.

"நாப்பதுதான் இருக்கு, நூறுல பாதிகூட இல்ல. நடிக்காம ஓடு புள்ள" என்றார்.

முந்தின வாரம்தான் அறிவியல் வகுப்பில் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தைப் படித்திருந்தோம். நான் அங்கேயே குந்தி, நாற்பதை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, வந்த எழுபத்திரண்டோடு முப்பத்திரண்டைக் கூட்டி, 104 என்று விரலால் தரையில் பெரிதாக எழுதினேன்.

"சார், இது செல்சியஸ் சார். நம்ம கணக்குல நூத்தி நாலு."

அவர் குனிந்து பார்க்கவேயில்லை. "எனக்கே பாடம் நடத்துறியா?" என்று காலால் அழித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கலையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கத்தக் கத்த, கேட்டைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அவளை அழைத்துப் போய்விட்டேன். டெங்கு என்றார்கள். "இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடியிருந்தா புள்ள வுழுந்திருக்கும்" என்றார் அங்கிருந்த நர்ஸ். அன்றே அவளை அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அனுமதியில்லாமல் வெளியே போனது குற்றமாம். பிரேயரில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் என்னை ஓட விடுவார்களாம். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் அப்பாவுக்கு, என் ஓட்டம் என்றால் உயிர். "ஒரு சாரிதானே பாப்பா, சொல்லிட்டு ஓடேன்" என்று கெஞ்சினார். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன். ஆனால் மைக் கைக்கு வந்ததும், கலை இல்லாத இடம் வரிசையில் காலியாகத் தெரிந்தது.

"நாற்பது டிகிரி செல்சியஸ் என்பது நூற்றிநான்கு டிகிரி ஃபாரன்ஹீட்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் இடத்தில் போய் நின்றேன்.

அதோடு என் ஓட்டம் முடிந்தது. அந்தப் பள்ளியை விடும்வரை எந்த அணியிலும் என் பெயர் வரவில்லை. அப்பா பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அந்த மைதானமும் இல்லை. ஓடுபாதை இருந்த இடத்தில் வகுப்பறைகள் நிற்கின்றன. பெரம்பலூரில் குடும்பமாக இருக்கும் கலை, பார்க்கும்போதெல்லாம், "அன்னிக்கு ஒரு சாரி சொல்லியிருந்தா நீ எங்கெங்கயோ ஓடியிருப்படி" என்பாள். ஓடியிருப்பேன்தான். தொலைக்காட்சியில் யாராவது கையில் குச்சியோடு ஓடினால் இன்றைக்கும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை, எழுந்து போய்விடுவேன். ஆனாலும் அந்த மைக்கை இன்று கொண்டுவந்து நீட்டினாலும் அதே வரியைத்தான் சொல்வேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக.