தம்பிக்கு நல்ல பசி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவள் செல்லம்மா. செல்களை வளர்க்கிற அம்மா என்று யாரோ விளையாட்டாகச் சேர்த்துக் கூப்பிட்டார்கள், ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் குடியிருந்த தெருவில் கதை இன்னும் மோசம். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "செல் பாத்துக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தாள். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரில் விழுந்த போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். இது அந்தச் செல் இல்லை என்று சொல்லிப் பார்த்துத் தோற்று, கடைசியில் கடைக்கு அலைந்து அதைச் சரிசெய்து கொடுத்தாள் இந்தப் புண்ணியவதி. அப்புறம் தெருவே போனைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. யாராவது வாடிய முகத்தோடு எதிரே வந்து நின்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் அங்கே புட்டி கழுவுகிறவள். கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, ஒரு கிருமிகூட இல்லாமல் அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் அந்தப் புட்டிகளில் செல்களுக்கான சாப்பாட்டை நிரப்புவாள். மீடியம் என்போம். பார்க்க இளஞ்சிவப்புச் சாயத் தண்ணீர் மாதிரி இருக்கும். சர்க்கரை, உப்பு, புரதம் உடைந்த துணுக்குகள் எல்லாம் அதில் உண்டு. செல்கள் சாப்பிட்டுக் கழிவை விட விட, அது புளித்து மஞ்சளாகும். மஞ்சளானால் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். விடுமுறை நாளிலும் வந்து ஊற்றிவிட்டுப் போவாள். "உன் பிள்ளைங்க ஒரு நாள் பட்டினி கிடந்தா குறைஞ்சா போயிடுவாங்க?" என்று கேட்பேன். "வாயிருந்தா கேட்டுடுமே அக்கா, அதுக்கு வாயில்லையே" என்பாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

செல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். மைக்ராஸ்கோப்பில் குனியவைத்துக் காட்டினாள். தோலின் செல்கள் இரண்டு முனையும் இழுத்த நீள வடிவத்தில், தட்டின் அடியில் ஒட்டிப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பை. பையின் சுவர் கொழுப்பு. உள்ளே வேலை செய்கிற புரதங்கள், நடுவில் கரு.

"எல்லாத்துக்கும் சக்தி வேணும்க்கா. சர்க்கரைதான் சாப்பாடு. செல்லு முதல்ல அதை ரெண்டா உடைக்கும். அதுல கிடைக்கிற சக்தி பல்லுக்கும் பத்தாது. உடைஞ்ச துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போகணும். நாம இழுக்கிற மூச்சு எதுக்குன்னு நினைக்கிறீங்க? அந்தக் காத்தை வச்சுத்தான் அங்க முழுசா எரிச்சுச் சக்தி எடுக்குது."

"அப்ப அதுதான் அடுப்படின்னு சொல்லு."

"அதேதான். ஒரு செல்லுக்குள்ளயே நூத்துக்கணக்குல அடுப்பு."

அவள் வீட்டில் அப்பாவும் தம்பியும். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அப்பா சரக்குக் கிடங்கில் சுமை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல். தம்பிக்கு மீசை முளைத்த காலத்தில் சோர்வு பிடித்தது. பாதி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவான். கால் கல்லாகிவிட்டது என்பான். பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணிமை தானாக இறங்கும். படுத்து எழுந்தால் கொஞ்ச நேரம் எல்லோரையும் போல நன்றாக இருப்பான். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனுக்கு வினையாகப் போயிற்று. "திங்கிறப்ப வராத அசதி வேலைன்னா மட்டும் எங்கிருந்துடா வருது?" என்பார் அப்பா.

ஒருவழியாகத் தன் கிடங்கிலேயே அவனைச் சேர்த்துவிட்டார். முதல் வாரமே மூட்டையோடு சரிந்து உட்கார்ந்தான். மேஸ்திரி மகனைப் பார்த்து மேஸ்திரியின் ஆட்கள் சிரித்தார்கள். அதோடு அவர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். தண்டச்சோறு என்றுதான் கூப்பிடுவார். பையனும் அந்தப் பெயருக்கு எழுந்து போவான்.

மருத்துவர்களும் கைவிரித்தார்கள். ரத்தம் சரி, இதயம் சரி, மனசுலதான் ஏதோ என்றார் ஒருவர். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடைசியாகப் பார்த்தவர் மட்டும் கண்ணிமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, மைட்டோகாண்ட்ரியா பழுதாக இருக்கலாம், தோலில் கடுகளவு எடுத்துச் செல்களை வளர்த்துப் பார்த்தால் தெரியும் என்றார். அந்தப் பரிசோதனை செய்கிற இடம் எங்கள் இடம். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுலயும் ஒண்ணும் இல்லைன்னு வரட்டும், மறுநாள் மூட்டை தூக்குறான். இல்லைன்னா வேற வீடு பாத்துக்கட்டும்."

தன் சொந்தக்காரரிடம் எடுத்த தோலை ஆய்வுக்கூடத்து ஆள் தொடக்கூடாது என்று, கூடத்தை நடத்துகிற எங்கள் மேடத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றாடம் செல் வளர்க்க அங்கே வேறு கை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் தோலும் வேண்டும் என்றார் மேடம். "என்கிட்ட எடுத்துக்கோங்க, எனக்குத்தான் தடிச்ச தோலுன்னு ஊரே சொல்லுதே" என்று கையை நீட்டினேன். அப்படித்தான் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் என் தட்டும் போய் உட்கார்ந்தது.

செல்கள் வளர்ந்தன. தம்பியின் தட்டு என்னுடையதைவிட முன்னாலேயே மஞ்சளாகிவிடும். காலையில் ஊற்றிய சாப்பாட்டை மறுநாளே காலி செய்துவிட்டு நிற்கும். செல் வளர்க்கிறவர்களுக்கு மஞ்சள் என்றால் பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். செல்லம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களாக்கா, எப்படிச் சாப்பிடுறான்னு. தம்பிக்கு நல்ல பசி. உங்களோடது இன்னும் கொறிச்சுக்கிட்டு இருக்கு."

"ஆமாமா, எனக்கு என்னைக்கு வயிறு நிறைஞ்சுது" என்றேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தேநீர் குடிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அதையே பேசிச் சிரித்தோம். மேடம் வந்து இரண்டு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இது பசி இல்லை, செல்லம்மா" என்றார். "அடுப்பு எரியலை. உடைச்ச துண்டை எரிக்க முடியாம அமிலமா வெளிய தள்ளுது. அதான் இவ்வளவு சீக்கிரம் மஞ்சள். பாதிச் சக்தி கூடக் கிடைக்காததால மேல மேல சர்க்கரையை அள்ளிப் போட்டுக்குது. இப்போதைக்கு இது சந்தேகம்தான். உறுதியாத் தெரியணும்னா சர்க்கரையை மாத்தணும்."

மாற்றுவது என்றால் இதுதான். வழக்கமான குளுக்கோஸை எடுத்துவிட்டு, பால் சர்க்கரையில் பாதியான காலக்டோஸைக் கொடுப்பது. அதை உடைப்பது மெதுவாகத்தான் நடக்கும். உடைப்பதை மட்டும் நம்பி எந்தச் செல்லும் உயிர் பிழைக்க முடியாது. அடுப்பு எரிந்தால் வாழும். எரியாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும். சாப்பாடு கண்ணெதிரே இருக்கும்போதே பட்டினி. செத்தால் தம்பிக்கு நோய், பிழைத்தால் அவன் தண்டச்சோறு. அவள் எதைத்தான் வேண்டிக்கொள்வாள்? என்னைக் கேட்டாள். நான் புட்டி கழுவப் போய்விட்டேன்.

காலக்டோஸ் ஊற்றியதிலிருந்து அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. என் செல்கள் கொஞ்சம் சுணங்கிவிட்டு எழுந்துகொண்டன. தம்பியினுடையவை முனைகளை உள்ளே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தன. "வீட்டுக்குப் போ" என்றேன். "போறேன்க்கா" என்றாள், போகவில்லை.

அடுத்து மேடம் வந்து பார்த்தபோது தம்பியின் தட்டில் செல்கள் நீட்டி நிமிர்ந்து சௌகரியமாகப் படுத்திருந்தன. மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கித் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். காலக்டோஸில் வளர்கிற தட்டு அநேகமாக இளஞ்சிவப்பாகவே இருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. தம்பியினுடையது பழையபடி மஞ்சள்.

"இதுல குளுக்கோஸ் போட்டது யாரு?"

கேட்டிருக்கவே வேண்டாம். செல்லம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "சுருங்குது மேடம். ஒண்ணொண்ணாச் சுருங்குது. குளுக்கோஸ் புட்டி பக்கத்துலயே இருந்துச்சு. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலை."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உறைய வைத்திருந்த மிச்சச் செல்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இந்த அறைக்கு வராதீர்கள் என்றார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைக் கழுவுமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

"அறிவிருக்கா உனக்கு? இந்தத் தட்டைப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு மேடம் எழுதியிருந்தா? உங்கப்பா நாளைக்கே அவன் தலையில மூட்டையை வச்சிருப்பார். இப்படிச் சோறு போட்டே அவனைக் கொல்லப் பாத்தியே."

அவள் அழாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "உங்களோடது எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"என்னோடதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு" என்றேன். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாம் தடவை அவள் மேடத்திடம் போய்க் கெஞ்சினாள். நான்தான் செய்வேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், வேறு யார் கையாலும் வேண்டாம் என்றாள். மேடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். குளுக்கோஸ் புட்டியை அந்த அறையிலிருந்தே எடுத்து என்னிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். செல்லம்மா பழையதை உறிஞ்சினாள், காலக்டோஸை ஊற்றினாள், மூடினாள். தம்பியின் செல்கள் சுருங்கின. உருண்டன. அப்புறம் ஒட்டியிருந்த இடத்திலிருந்து கழன்று மிதந்தன. பக்கத்தில் என்னுடையவை கொஞ்சமும் வெட்கமில்லாமல் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தன. என் உடம்பின் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன் வந்ததே இல்லை. கொஞ்சம் பிய்த்து அவனுக்குக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன். அப்படிக் கொடுக்க வழியே இல்லையாம், அதையும் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மேடம் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். நானும் போய் நின்றேன், போகச் சொல்லவில்லை.

"இனி சந்தேகமே இல்லை. ஆனா இதைச் சரிபண்ற மருந்துன்னு எதுவும் இல்லை. விட்டமின் மாதிரி சிலதைக் குடுத்துப் பாப்பாங்க. களைச்சுப் போகாம வச்சுக்கணும்."

"இன்னும் கூடுமா, மேடம்?"

"மெதுவாக் கூடும்."

செல்லம்மா தலையை ஆட்டினாள். ஏதோ கடைக்குப் போய்வரச் சொன்னதற்கு ஆட்டுவது போல ஆட்டினாள்.

முடிவைக் கேட்க அன்று சாயங்காலம் தம்பி வந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்து சேர்ந்தான். நல்ல உயரம், களையான முகம். பார்க்கிறவர்கள் இவனுக்கென்ன கேடு என்றுதான் நினைப்பார்கள். அக்கா அவனை மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்தாள்.

"இதுல நான் எது?"

"மிதக்குது பாரு, அது நீ. பக்கத்துத் தட்டு இந்த அக்காவோடது."

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். இறங்கிய இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"என்னோடது செத்துப்போச்சா?"

"ஆமாடா. சாப்பாடு இருந்தும் சக்தி எடுக்க முடியலை. அதான்."

அவன் நிமிர்ந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பரீட்சையில் தேறியவன் மாதிரி சிரித்தான்.

"அப்ப நான் வேணும்னே படுத்துக்கலை. நிஜமாவே முடியலை."

"முடியலைடா."

"அப்பாகிட்ட சொல்லுக்கா. இப்பவே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டார், நீயே சொல்லு."

அவள் போனை எடுத்தாள். அப்பாவின் குரல்தான் தெரிந்த விஷயமாயிற்றே, எனக்கும் நன்றாகக் கேட்டது. கிடங்கின் இரைச்சலும் கேட்டது.

"அப்பா, டெஸ்ட் முடிஞ்சுது. அவனுக்கு உடம்புலதான் கோளாறு. செல்லுல சக்தி எடுக்கிற இடம் வேலை செய்யலை. என் கண்ணால பாத்தேன்."

அந்த இரைச்சலுக்கு நடுவே, அவர் குரல்தானா என்று நினைக்கும்படி ஒரு குரல் வந்தது.

"அப்ப பையன் பொய் சொல்லலை."

"சொல்லலைப்பா."

"சரி. சரிம்மா. எந்த ஆஸ்பத்திரின்னு கேளு, நான் கூட்டிட்டுப் போறேன். என்ன மருந்து? எவ்வளவு நாள்ல சரியாகும்னு சொன்னாங்க? ஏம்மா, லைன்ல இருக்கியா? மருந்து பேரைச் சொல்லு."

தம்பி நாற்காலியிலிருந்தே எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். "என்னக்கா சொல்றார்? நம்பிட்டாரா?"

செல்லம்மா போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். உள்ளே அப்பா மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நம்பிட்டாருடா" என்றாள்.