எல்லாத் துறைக்கும் ஒரே மேசை

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் சர்வகலா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். கிண்டலுக்குத்தான் வைத்தேன். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். சில பேருக்குத் தோல் தடிமன், எதுவும் உறைக்காது.

ஆதியில் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அதில் ஒன்றும் கேவலம் இல்லை. நானே ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, அடுத்தவர் பல்வலிக்கு நேரம் குறித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள்தான். ஒருநாள் வடிகட்டி வாங்கிய கல்லூரி ஆசிரியர் ஒருவர், கட்டுரை எதுவும் வெளிவராததால் தன் பதவி உயர்வு நின்றுபோய்விட்டது என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். "அச்சுல வரணும், அவ்வளவுதானே சார்?" என்று கேட்டாராம் இவர். அந்தக் கேள்வியோடு வடிகட்டி வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் எதையுமே வடிகட்டவில்லை.

அதற்குப் பதில் அவர் ஆரம்பித்த ஆராய்ச்சி இதழின் பெயர் நீளமானது, ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. எல்லாத் துறை ஆராய்ச்சிக்குமான இதழ் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு முனையில் கணினி, மறுமுனையில் அக்கா காய் நறுக்கும் பலகை. பிரிண்டர் ஃபிரிட்ஜின் தலைமேல். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தால் பிரிண்டர் ஆடும், அச்சாகிக்கொண்டிருக்கும் வரி கோணும். அதையும் அப்படியே அனுப்பிவிடுவார்.

நான் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் மேலே ஏறிப்போய் அக்காவோடு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பது வழக்கம். அதனால் அந்த அறிவுச் சுரங்கத்தை மிக அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வங்கி ஊழியர்களின் மன அழுத்தம் முடிகிற பக்கத்திலேயே கான்கிரீட் தூணின் வெடிப்பு ஆரம்பிக்கும். அதை ஒட்டிக்கொண்டு, பெண் கவிஞர்கள் நிலவை என்னென்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஒரு கட்டுரை. அது முடிந்ததும் கோழிக் கழிச்சல் நோய். செல்லாத நாணயங்களுக்குப் பக்கத்தில் குழந்தைகளின் கைபேசிப் பழக்கம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்களே, அந்த மாதிரி இருக்கும்.

"இதெல்லாம் எப்படி அத்தான் ஒரே புத்தகத்துல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அறிவுக்கு வேலி கிடையாதும்மா" என்றார், கூரையைப் பார்த்தபடி.

"வேலி இல்லாட்டிப் போகுது, ஒரு கதவாவது வெச்சிருக்கீங்களா?"

கதவு இல்லை. வாசல் மட்டும் இருந்தது, வாசலில் கட்டணம் இருந்தது. கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது ஒன்றுக்குத்தான். கோழிக் கழிச்சலை எழுதியவர் உண்மையிலேயே மாசக்கணக்கில் கோழிக் கூண்டு வாசலில் உட்கார்ந்திருக்கலாம். நாணயக்காரர் கண் பூத்துப்போகும்வரை எழுத்து எழுத்தாகத் தேய்த்துப் படித்திருக்கலாம். இன்னொருவர் எவனுடைய கட்டுரையையோ எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார். அத்தானுக்கு இவர்கள் எல்லாரும் ஒன்றே. எதையும் அவர் படித்ததில்லை. தலைப்பில் எழுத்துப் பெரிதாக இருக்கிறதா, ஆசிரியர் படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதோடு சரி.

'இரண்டு நிபுணர்களால் மதிப்பிடப்பட்டது' என்று ஒவ்வொரு கட்டுரையின் கீழும் போட்டிருக்கும். அந்த மதிப்பீடு என் கண்ணெதிரே நடக்கும். அத்தான் கணினியைப் பார்த்தபடி, "கான்கிரீட்டுல வெடிப்பு வந்திருக்கு, போடலாமா?" என்பார். அக்கா தலையை நிமிர்த்தாமல், "போடுங்க, அந்த முருங்கைக்காயை இப்படித் தள்ளுங்க" என்பாள். முதல் நிபுணர் அவர், இரண்டாம் நிபுணர் அவள். முருங்கைக்காய் நறுக்கி முடிவதற்குள் மூன்று துறைகள் தேறிவிடும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. எந்தக் கட்டுரையாக இருந்தாலும் 'முடிவுரை' என்ற தலைப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் சட்டம். சிலர் வேறு தலைப்பில் முடித்திருப்பார்கள், சிலர் தலைப்பே போடாமல் முடித்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத் தயாராக ஒரு முடிவுரை வைத்திருந்தார். என்றைக்கோ வந்த வங்கி ஊழியர் கட்டுரையிலிருந்து உருவியது. அதைக் கொண்டுபோய் ஒட்டிவிடுவார். தூண் வெடித்தாலும் கோழி செத்தாலும் கடைசியில் ஊழியர்களுக்கு ஓய்வு தேவை என்று முடியும். எழுதியவர்கூட அதுவரை படித்துப் பார்க்காததால் இத்தனை வருஷம் யாரும் வந்து கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு மகள் வந்து பிறந்தாள் பாருங்கள்! ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள். நத்தையைப் பிடித்தாள். வறட்சிக் காலத்தில் நத்தை ஓட்டுக்குள் போய் வாயை மூடிக்கொண்டு மாசக்கணக்கில் தூங்குகிறதே, எப்போது எழுந்திருப்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இது ஒன்றுதான் அவள் கேள்வி. இதற்காக ஐந்து வருஷம் வேறு ஊரில், சேற்றிலும் பூச்சிக்கடியிலும் கிடந்தாள். கட்டுரையை எழுதி, பெயர்பெற்ற இதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அது வெளிவந்தால் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைக்கும். அவளைப் போன்றவர்களுக்கு அந்த மாதிரி இடம் அபூர்வமாகத்தான் காலியாகும்.

விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் புலம்பியிருக்கிறாள். "எட்டு மாசமா வெச்சிருக்காங்கம்மா, இன்னும் பதிலே காணோம்." அதை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வினை அங்கே ஆரம்பித்தது.

பெண் ஊருக்குத் திரும்பியதும், கணினியில் அவள் விட்டுப்போன கட்டுரையை எடுத்தார். மகளுக்குத் தெரியாமல் ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம். அடுத்த இதழில் முதல் கட்டுரையாகப் போட்டார். பக்கத்தில் அவளுடைய பள்ளிக்கூடத்துப் படம், இரட்டைப் பின்னலோடு. அக்காவையும் வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். "நம்ம பொண்ணு நத்தை, போடலாமா?" அக்கா, "இதையெல்லாம் ஏன் என்கிட்ட கேக்கறீங்க, போடுங்க" என்றாளாம். என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான்.

ஒரு பிரதியை மகளுக்கு அனுப்பினார், இணையத்திலும் ஏற்றினார். அவள் பதிலுக்குப் போன் செய்யவில்லை. கிளம்பி நேரே வந்தாள். நான் மேலே போனபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரே கட்டுரையை ரெண்டு இடத்துக்குக் குடுத்து ஏமாத்தியிருக்கேன்னு அந்த இதழ்லேர்ந்து கேக்கறாங்க, சித்தி. இது நிரூபணம் ஆச்சுன்னா என் துறையில ஒருத்தரும் என் பேரைத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. வேலையும் போச்சு, அஞ்சு வருஷமும் போச்சு."

"அவங்கதான் எட்டு மாசமா இழுத்தடிக்கிறாங்களே! நான் எட்டே நாள்ல போட்டேன்" என்றார் அத்தான். அடிபட்ட குழந்தை மாதிரி குரல்.

"அப்பா, நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நத்தை."

"நத்தையில என்ன?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "அது... ஏன் மெதுவாப் போகுதுன்னு..." என்றார்.

அவள் இதழை விரித்துக் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். "ஆகவே ஊழியர்களுக்கு வாரம் ஒருமுறை கூடுதல் ஓய்வு வழங்கினால் அவர்களது செயல்திறன் மேம்படும் என்பது இவ்வாய்வின் முடிவாகும்." வாசித்துவிட்டுச் சிரித்தாள். "மாசக்கணக்கா தூங்குற ஜீவன்பா அது. அதுக்கு இன்னும் ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்கேன்."

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பெரிய இதழின் ஆசிரியர் அம்மாள் மறுநாள் வீடியோவில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். மகள் அனுப்பாமலேயே தானாக எடுத்துப் போட்டதாகவும், யாரும் மதிப்பிடவில்லை என்றும் அத்தான் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்வது பதிவாகும். அதற்கப்புறம் அவர் இதழைக் கல்லூரிகள் ஏற்காது. கடை கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு முழுக்க அவர் பேரம் பேசினார். "ரெண்டு நிபுணர் பாத்தாங்க, தவறுதலா அச்சாயிடுச்சுன்னு சொல்றேனே. உனக்கும் கெடுதல் இல்லை, எனக்கும் மானம் மிஞ்சும்."

"நிபுணர் பாத்திருந்தா அது முறையா வெளிவந்த கட்டுரை ஆயிடும்பா. அப்புறம் வேற எங்கேயும் போட முடியாது. உங்க இதழ்லயே கெடக்க வேண்டியதுதான்."

"கெடந்தா என்ன? எத்தனை பேராசிரியர் கெடக்கறாங்க."

"அத்தான்" என்றேன் நான், "கோழிக் கழிச்சல் பக்கத்துல பொண்ணைப் படுக்க வெச்சுட்டுப் பெருமை வேற பேசறீங்களா?" அக்கா என்னை அதட்டவில்லை. வழக்கமாக அதட்டுவாள்.

மறுநாள் மடிக்கணினியை அதே மேசையில் வைத்தார்கள். அக்கா காய்ப்பலகையைத் தானாகவே எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அத்தான் கோட்டு போட்டிருந்தார். தண்ணீர் வடிகட்டி விற்ற காலத்துக் கோட்டு, தோளில் ஏறவில்லை. மகள் படத்தில் தெரியாதபடி ஓரமாக நின்றாள்.

திரையில் வந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் கேட்டார். "கட்டுரையை உங்க பொண்ணு உங்களுக்கு அனுப்பினாங்களா?"

"இல்லைங்க. நானா எடுத்தேன்."

"கீழே, ரெண்டு நிபுணர்கள் மதிப்பிட்டதாப் போட்டிருக்கு. யார் அவங்க?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. "எங்க இதழோட மதிப்பீட்டுக் குழு பல துறைகளைச் சேர்ந்த..." என்று ஆரம்பித்துவிட்டார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பாவி மனுஷா என்று நான் வாய்க்குள் திட்டினேன்.

அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை, மேசையில் வைத்துவிட்டார்.

"யாரும் இல்லைங்க. நானும் என் வீட்டுக்காரியும்தான். அவ காய் நறுக்கிட்டிருந்தா."

"நீங்களாவது படிச்சீங்களா?"

"இல்லை."

"உங்க பொண்ணு எழுதினது."

"தலைப்பு படிச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுவும் முழுசா இல்லை" என்றார்.

அதோடு அந்த இதழின் கதை முடிந்தது. செய்தி பரவியதும் பேராசிரியர்கள் ஒவ்வொருவராக மாடியேறி வந்து கத்திவிட்டுப் போனார்கள். தூண் வெடிப்புக்காரர் கதவை உதைத்தார். அதே கதவுக்கு முன்னால் நின்று, சர்வகலா மாதிரி அறிஞர் உண்டா என்று போன வருஷம் பேசியவர் அவர்தான். தங்கள் கட்டுரையின் முடிவில் வங்கி ஊழியர் ஏன் வந்தார் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவர்களுக்கு இவர்தான் சரி என்று எனக்குத் தோன்றியது. கோழிக் கழிச்சல்காரர் மட்டும் வரவேயில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அத்தான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். பிரிண்டர் போன இடத்தில் அக்கா பூண்டுக் கூடையை வைத்தாள்.

நத்தைக் கட்டுரையை அந்தப் பெரிய இதழ் மறுபடி எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் கழித்து மகள் வீட்டில் இருந்த ஒருநாள், நிபுணர்களின் கருத்து வந்து சேர்ந்தது. பக்கம் பக்கமாகக் கேள்விகள். இந்த அளவை எப்படி எடுத்தீர்கள், அந்தச் சோதனையை ஏன் மழைக்கு முன்னால் செய்தீர்கள், மூன்றாவது படம் நம்பும்படி இல்லை, திரும்பச் செய்யுங்கள் என்று ஒரு வரி விடாமல் குடைந்திருந்தார்கள். அத்தான் அவற்றை வாங்கி, மேசையில் உட்கார்ந்து வாசித்தார். அவர் ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"யாரு இவனுங்க? என் பொண்ணைப் பாத்து இத்தனை கேள்வி கேக்கறதுக்கு? ஒரு நல்ல வார்த்தை இல்லை. வரிக்கு வரி அவமானப்படுத்தியிருக்கான். என் இதழ்ல ஒரு கேள்வி கேட்டிருப்பேனா உன்னை?"

அவளோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதே தாள்களின் நகலைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாசத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

"படிச்சிருக்காங்கப்பா" என்றாள். "முழுசாப் படிச்சிருக்காங்க."