வீட்டுக்கு வந்த கேன்

தாராவியில் வெயிலுமுத்து கேன் சுமந்து ஏறாத மாடி இல்லை. காலையில் தண்ணீர் பிளான்ட்டில் இருபது லிட்டர் கேன்களைக் கழுவி நிரப்புவான். பகலெல்லாம் கைவண்டியில் தள்ளிப் போய் வீடு வீடாக இறக்குவான். எட்டு வருஷமாக இதே வேலை. இடது தோள் தாழ்ந்தே போயிற்று. யாராவது தண்ணீர் நல்லதா என்று கேட்டால், கேன் மூடியைத் தட்டி, “சீலைப் பாருங்க, பொறவு பேசுங்க” என்பான்.

மகள் இசக்கிக்கு ஆறு மாதம் முடிந்து சோறூட்டியாயிற்று. கேழ்வரகுக் கூழ் ஊட்டினால் பின்னாலேயே இரண்டு மடக்குத் தண்ணீர் வேண்டும். மனைவி மாரிசெல்வி விடியற்காலையில் குழாயில் பிடித்ததைக் காய்ச்சி, ஆறவைத்து, பாலாடையில் புகட்டி வந்தாள். வெயிலுமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் கேன் சுமக்கிறவன் பிள்ளை சாக்கடையோரக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதா? ஒரு நாள் கேனைத் தூக்கிவந்து வைத்தான். இனி காய்ச்சவே வேண்டாம், பிள்ளைக்கு இதுதான் என்றான். மாரிசெல்வி அந்தச் சீலைக் கிழித்த அழகைப் பார்க்க வேண்டுமே, புதுச்சேலையைப் பிரிக்கிற மாதிரி. அந்தக் கேன் தீர்ந்ததும் இன்னொன்று வந்தது.

பத்தாம் நாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. துணி மாற்றி மாளவில்லை, கண் குழிந்துவிட்டது. இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டுக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த நர்ஸ் ரெபேக்கா சிஸ்டர் இவர்கள் ஊர்ப்பக்கம், நாசரேத்துக்காரி. உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக அவளே புகட்டிக் காட்டினாள். மாத்திரை கொடுத்தாள், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்றாள். பிள்ளை கொஞ்சம் முகம் தெளிந்த பிறகுதான், என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“கேன் தண்ணிதான் சிஸ்டர். இவுக கொண்டாரது. சீலை நான்தான் பிரிக்கேன்” என்றாள் மாரிசெல்வி. அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை.

“காய்ச்சுதியளா?”

“கேன் தண்ணிய எதுக்குக் காய்ச்ச?”

சிஸ்டர் பாத்திரத்தையும் கையையும் கழுவும் விதத்தை விசாரித்தாள். அவ்வளவுதான், குற்றம் தன் கையில்தான் என்று மாரிசெல்வி முடிவுகட்டிவிட்டாள். பாலாடையை எடுத்துப் போய், மூலையிலிருந்த குழாயடியில் விரல் சிவக்கச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நேற்றைக்கு அவசரத்தில் தேய்க்காமல் விட்டேனோ என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

வெயிலுமுத்து தரையைப் பார்த்து நின்றான். வீட்டுக்கு வந்தவை எப்படிப்பட்ட கேன்கள் என்று அவனுக்குத்தானே தெரியும். வழியில் மூடி கழன்று, வாங்குகிறவர்கள் வேண்டாமென்று திருப்பியவை. நாள் முழுக்க வெயிலில் வண்டியில் உருண்டவை. கொட்ட மனமில்லாமல் பிளான்ட்டுக்குக் கொண்டுபோய், வேறு மூடி போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, சூட்டுக்காற்றுக் காட்டிச் சீல் ஒட்டியிருந்தான். மனைவி கண்ணுக்கு நல்ல கேனாகத் தெரியட்டும் என்றுதான் செய்தான். ஏமாற்ற நினைக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். அது அவனுக்கே ஏறவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழி அவள் தலையில் போயிருக்கும், கேனும் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கும்.

“அவ கை சுத்தந்தான் சிஸ்டர். தப்பு என்னுது” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

மாரிசெல்வி குழாயை மூடினாள். சிஸ்டர் அவனைத் திட்டக்கூட இல்லை. “கேனோ கொழாயோ, பிள்ளைக்குன்னா தளதளன்னு கொதிக்கணும். மூடி ஆறவைக்கணும். கைய விட்டுக் கோரக்கூடாது. மறுநாளைக்கு வேற தண்ணி. இதுக்குச் சீலு எதுக்கு தம்பி?” என்றாள்.

வீடு வரும்வரை மாரிசெல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னாலேயே நடந்தாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பெத்த பிள்ளைக்குமா சீல் ஒட்டுனீய?”

மூன்றாம் நாள் பிள்ளை தேறிச் சிரித்தது. அவனால் அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் நாலாம் மாடி நூர் நிஷா, தன் மகனுக்கும் கூழ் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். இறக்கிய கேனைத் தட்டி, பிள்ளைக்கு இதை அப்படியே கொடுக்கலாமா என்று கேட்டாள். ‘சீலைப் பாருங்க’ என்கிற எட்டு வருஷத்துச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

“காய்ச்சிக் குடுங்கக்கா” என்றான்.

“அப்போ உன்கிட்ட எதுக்குக் கேன் வாங்கணும்?”

அவன் காலிக் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.