பெட்டியா, ஆன்லைனா?

மறைந்த என் கணவர் பாடிய பதிவுகளைச் சேமிக்க, வீட்டு வைஃபையில் இணைக்கும் பெட்டி ஒன்றை இன்று ஜமுனாமரத்தூர் மொபைல் கடையில் கேட்டேன்.

"பொட்டி இன்னாத்துக்கும்மா? மாசாமாசம் பணம் கட்டுனா ஆன்லைன்லயே பத்திரமா இருக்குங்க" என்றார் கடைக்காரர்.

"நான் போனப்புறம் யார் கட்டுறது?"

அவர் விடவில்லை. "மலைல இடி வுழுந்தா பொட்டி போய்டுமேம்மா?"

நியாயமான கேள்வி. அவரும் என்னைப் போல் சாமை பயிரிடுபவர்; அந்தக் கணக்கிலேயே பதில் சொன்னேன்.

"விதைச் சாமையை நீங்க ஒரே வீட்டுலயா வெக்கிறீங்க? ரெண்டு பெட்டி குடுங்க. ஒண்ணு திருப்பத்தூர்ல என் தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்."

"உங்களாண்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா" என்று பில் போட்டார்.

என் கணவர் ஒருநாளும் வாடகை வீட்டில் இருந்ததில்லை. அவர் குரலும் மாத வாடகையில் குடியிருக்காது.

ஆன்லைன் கட்சிக்காரர்கள் கீழே கமெண்ட்டில் வாதாடலாம். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.