டிக் போட்ட நான்காவது வரி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் நடந்தது இது. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படிச் சொன்னால்தான் சொல்ல வரும்.

1. அம்மாவை என் காரில் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் கோயிலுக்குக் கிளம்பினேன்.
2. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போவதற்குள், ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதெல்லாம் அடியில் ‘டொக்’கென்று சத்தம் வந்தது. கூடவே ஒரு வெட்டு. அம்மாவின் தலை இரண்டு முறை முன்னால் போய் வந்தது.
3. திரேஸ்புரம் பக்கம், ஒரு சோடாக் கடை முன்னால் நிறுத்தினேன்.
4. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, வண்டியை எடுக்கக் கூடாது என்றார்.
5. எடுக்கலாம் என்று நான் சொன்னேன்.

அந்த ஐந்தாவதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட வயது கூடியது. இரண்டே இருக்கைகள், தாழ்வான உடம்பு, பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். நான் மெக்கானிக்கல் படித்தவள். துறைமுகத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர்களின் பராமரிப்புப் பிரிவில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்தக் காரை வாங்கியபோது, “ரெண்டு பேரு உக்காரதுக்கு ஒரு காரா? மூணாவது ஆளு வந்தா டிக்கியிலயா போடுவ?” என்று அம்மா கேட்டார்.

வாங்கிய நாளிலிருந்தே வெட்டு இருந்தது. இஞ்சினின் சுழற்சி பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கோ தொய்வு. ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். கிளட்ச். இஞ்சின் மவுண்ட். கியர்பாக்ஸ் மவுண்ட். நான்காவது, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளமான சுழல் தண்டும் அதன் இணைப்புகளும். ஐந்தாவது, அந்தச் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றைப் பார்த்து முடித்து டிக் போட்டேன். நான்காவதில் உண்மையாகவே தேய்மானம் இருந்தது. தண்டைக் கழற்றி, இரண்டு முனை இணைப்புகளையும் புதிதாக மாற்றி மாட்டியபோது வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

மூன்று வாரம் கழித்து அது திரும்பியது. முன்பைவிட மோசமாக. நான்கு வரை டிக் போட்டாயிற்று, எனவே ஐந்தாவதுதான் என்று முடிவு கட்டினேன். டிஃபரன்ஷியலில் தொய்வு இருந்தால் மெதுவாகப் போகலாம், உடனே ஆபத்தில்லை. அந்த நம்பிக்கையில்தான் அம்மாவை ஏற்றினேன்.

வெள்ளைச் சட்டைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விசைப்படகு ஓட்டுகிறவர். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. மனைவியோடு தேவாலயப் பூசைக்குக் கிளம்பி, பைக்கில் ஏறப் போனவர், என் கார் வந்து நின்ற சத்தம் கேட்டு, அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“எங்க போறிய?”

“திருச்செந்தூருக்கு.”

“இதுலயா?”

பிரச்சினை டிஃபரன்ஷியலில், நாற்பதுக்கு மேல் போகமாட்டேன், நான் இன்ஜினியர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“இதே சத்தம் எங்க போட்டுல கேட்டுது. கண்டுக்கிடல. நடுக்கடல்ல கப்ளிங் கழண்டுட்டு. இன்னொரு போட்டுக்காரன் கட்டி இழுத்துட்டு வந்தான். நீங்க ரோட்டுல போறிய, உங்கள யாரு கட்டி இழுப்பா? அந்த தண்ட பாத்தியளா?”

“அது பார்த்து முடிச்சாச்சு. டிக் போட்டிருக்கேன்” என்று நோட்டை எடுத்தே காட்டினேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். “மாட்டுனது யாரு?”

“நான்தான்.”

“சரியா இருக்கான்னு பாத்தது?”

“அதுவும் நான்தான்.”

“எங்க போட்டுல முறுக்குனவன் பாக்கமாட்டான். வேற ஆளுதான் பாப்பான். முறுக்குனவனுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்.”

அம்மா அதற்குள் இறங்கிவிட்டார். “பஸ்ல போவோம்னு சொன்னேன்லா. கேட்டாளா இவ? தம்பி, நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அருகில் வள்ளம் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து கனமான பலகைகளை அவரும் சோடாக் கடைக்காரரும் தூக்கி வந்தார்கள். முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அவர் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இஸ்திரி போட்ட சட்ட. அதோட மண்ணுல படுக்கப் போறியளா?”

“சேசு சட்டையப் பாத்தா உள்ள விடுதாரு?”

“சேசு விடுவாரு. துவைக்கது யாரு?”

சொல்லிக்கொண்டே, சோடாக் கடையிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கி நிழலில் போட்டு அம்மாவை உட்கார வைத்தார் அந்த அக்கா.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் படுத்து உள்ளே நகர்ந்தோம். அவர் செய்தது எளிமையான காரியம். தண்டு போல்ட்டுகளால் பொருந்தும் கியர்பாக்ஸ் பக்கத்துத் தட்டை என்னைப் பிடிக்கச் சொன்னார். அவர் தண்டைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். என் கையில் இருந்த தட்டு அசையவில்லை, அவர் கையில் இருந்த தண்டு அசைந்தது. ஒரு ஆளாக நான் எத்தனை முறை செய்தாலும் பிடிபடாத விஷயம் அது. பிறகு சின்ன ஸ்பேனரால் இணைப்பில் இருந்த நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று மட்டும் கணீரென்றது. இரண்டு தளர்ந்துபோய் மொத்து மொத்தென்றன. நான்காவதைத் தட்டியதும் அது அவர் நெஞ்சின்மேல் விழுந்தது. அதற்கு நட்டே இல்லை.

இணைப்பைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி அப்பியிருந்தது. உலோகம் உலோகத்தோடு உரசிக்கொண்டே இருந்ததன் தடம். அதை நான் பாடத்தில் படித்திருக்கிறேன். அந்தத் தண்டின் முன்முனை ஓடும்போது கழன்று விழுந்து சாலையில் குத்தினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வண்டியையே தூக்கி எறிந்துவிடும். பக்கத்து இருக்கையில் அம்மா.

அங்கே படுத்தபடியே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை போல்ட்டுகளை ஸ்பேனரால் லேசாகப் பிடித்து வைத்திருந்தேன். சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சை எடுக்கப் போகும்போது போன் வந்தது. கன்வேயர் நின்றுவிட்டது, உடனே வரவேண்டும் என்றார்கள். போகும் அவசரத்தில் நோட்டை மூடுவதற்கு முன் டிக் போட்டேன். மறுநாள் வந்து நோட்டைப் பார்த்தேன், முடிந்திருந்தது. வண்டியை இறக்கிவிட்டேன். ஒருமுறை கழற்றினால் பிடிப்புக் குறைந்துவிடும் பழைய நட்டுகளையே திரும்பப் போட்டதும் நான்தான்.

வெளியே வந்ததும் அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே, “நல்லவேள, சத்தம் போட்டுச்சு. சத்தம் போடாம கழண்டிருந்தா?” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

படகில் மாற்றுப் போல்ட்டுகள் இருக்குமே, ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்டவள் நான். மறுத்தவர் அவர். “அது வேற அளவு, வேற இரும்பு. உங்களுக்குத் தெரியாததா?” என்றார். தெரியும். அவசரத்தில் வாய் கேட்டுவிட்டது.

தங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வேனில் எங்களைக் கோயிலுக்கு ஏற்றிவிட்டார்கள். போகும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சரியான போல்ட்டும் நட்டும் வந்துசேர நான்கு நாள் ஆனது. அதுவரை கார் அவர்கள் வீட்டுச் சந்தில், பழைய தார்ப்பாயை மூடிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல் தூங்குவதாக அந்த அக்கா தகவல் சொன்னார். போல்ட்டுகளை நான் முறுக்கினேன். ரெஞ்சை என்னிடம் வாங்கிப் படகுக்காரர் சரிபார்த்தார். பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் தட்டுவரை தொடர்ச்சியாக, படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டு ஒரு நூல் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடும். அவருக்கு ஒரு புதுச் சட்டை கொண்டுபோனேன். அந்த அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதையும் வண்டிக்கு அடியில போட்டுட்டுப் போவாவ” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

என் நோட்டில் இப்போது ஒரு வேலைக்கு இரண்டு கட்டங்கள். ஒன்றில் நான் டிக் போடுவேன். அடுத்ததில் வேறு ஒருவர் பார்த்துவிட்டுப் போடவேண்டும். அலுவலகத்திலும் எங்கள் பிரிவில் இதைக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள். யாரிடமிருந்து கற்றேன் என்று சொன்னபிறகு முணுமுணுப்பு குறைந்தது.

கார் ஓடுகிறது. டிஃபரன்ஷியலில் கொஞ்சம் தொய்வு இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அது மெல்லியது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று படகுக்காரரும் நானும் பார்த்தே முடிவு செய்திருக்கிறோம். பூசைக்குப் போகிற வழியில் யாரோ ஒரு பெண்ணின் காருக்கு அடியில் போய்ப் படுக்க அவருக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. அவர் படுத்ததால்தான், பக்கத்து இருக்கையில் அம்மா இன்னமும் உட்கார்ந்து, மெதுவாகப் போ என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வருகிறார்.